உதவித்தொகை விண்ணப்பம்: படிவத்துக்கு முன் பாஸ்புக்கைப் பாருங்கள்

போன ஆண்டு என் தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். அப்பா காசிமேட்டில் ஐஸ் சுமப்பவர். சம்பளச் சீட்டு என்று ஒன்றும் கிடையாது. அவளுடைய உதவித்தொகைக்காக நான்கு மாதம் அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். ஆதார், ரேஷன் அட்டை, மதிப்பெண் பட்டியல் எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: உங்களுக்கு எது?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். அப்படியும் எங்கள் தெருவில் பலருக்கு அது தெரியாது!

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைகள் தனி. அவற்றுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நன்றாக மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசு இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 தருகிறது. வருமான வரம்பு 4.5 லட்சம். ஆனால் வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது. புதுமைப் பெண்ணும் ஆண்டுக்கு அதே 12,000தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாம் படி: வருமானச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் 60 ரூபாய். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், சுய உறுதிமொழிப் படிவம் உண்டு. ஓராண்டுதான் செல்லும் என்பதால் பழையதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

மாநில உதவிகளுக்குக் கல்லூரியில் தரும் யூமிஸ் எண்ணும் பள்ளியின் எமிஸ் எண்ணும் வேண்டும். மத்திய அரசின் உதவித்தொகைத் தளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு. ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து செய்வதில் தவறில்லை; ஆனால் கடைக்காரரின் கைப்பேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். ஓடிபி அவருக்குப் போகும், நீங்கள் ஒவ்வொரு முறையும் அவர் வாசலில் நிற்பீர்கள்.

நான்காம் படி: நான் சறுக்கிய இடம்

புதுமைப் பெண் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. தோழிகளுக்குப் பணம் வந்தது, தங்கைக்கு மட்டும் வரவில்லை. புதிதாகத் திறந்த கணக்கு, ஆதாரும் கொடுத்தாயிற்று. வங்கியில் கேட்டால், "ஆதார் இணைந்திருக்கிறதே தம்பி" என்று திரையைத் திருப்பிக் காட்டினார்கள். இப்படி மூன்று முறை.

அவர்கள் சொன்னது பொய்யில்லை. கணக்கில் ஆதாரைப் பதிவது வேறு, அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையே பணம் போய்வர வழி செய்யும் அமைப்பு) பதிவேட்டில் ஏற்றுவது வேறு. அந்தப் பதிவேட்டில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான். ஆதார் தளத்தில் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதை அழுத்தினால் எந்த வங்கி என்று காட்டும். அழுத்தினோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது.

"அண்ணா, அது ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியில் திறக்கச் சொன்னது" என்றாள். பாஸ்புக் அம்மாவின் பிஸ்கட் டப்பாவில், நகைக்கடை ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது. பதியும் இயந்திரத்தில் வைத்ததும் நான்கு வரிகள் விழுந்தன. நான்கிலும் 1,000.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே இதைப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் வங்கியில் "ஆதார் இணைக்க வேண்டும்" என்று சொல்லாதீர்கள். "என்பிசிஐ மேப்பிங், டிபிடி வேண்டும்" என்று சொல்லி, அதாவது அரசுப் பணம் நேராக இந்தக் கணக்குக்கு வரும்படி பதிய வேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தைக் கேளுங்கள். நாங்கள் மாற்றவில்லை. பழைய கணக்கையே வைத்துக்கொண்டோம்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வியாசர்பாடியிலிருந்து ஒருவர், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியதாக எழுதியிருந்தார். எல்லாம் இனிஷியல் செய்கிற வேலை. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். மதிப்பெண் பட்டியலை விட்டுவிட்டு ஆதாரைத் திருத்துங்கள், அதுதான் சுலபம். திருத்திய பிறகு சீடிங் நிலையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.