இங்கிலாந்துக் கிராமத்து டீ ரூம்: வீல்சேரில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகனோ மகளோ இங்கிலாந்தில் இருந்தால், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஒரு சனிக்கிழமை கிராமத்துப் பக்கம் டீ குடிக்க அழைத்துப் போவது ஏறக்குறைய சடங்காகிவிட்டது. காட்ஸ்வோல்ட்ஸ், டெவன், கார்ன்வால் என எங்கே போனாலும் பழைய கல் வீடு, பூப்போட்ட பீங்கான் கோப்பை, ஸ்கோன் என்கிற சின்ன பன், ஸ்ட்ராபெரி ஜாம், கிளாட்டட் க்ரீம் என்கிற கெட்டியான பாலாடை. வீல்சேரிலோ வாக்கரிலோ போகிறவருக்கு அந்த நாள் நன்றாகப் போகுமா என்பது பெரும்பாலும் முந்தின நாள் போனிலேயே முடிவாகிவிடும்.

"வீல்சேரில் வரலாமா?" என்று கேட்பதுதான் முதல் தவறு. "தாராளமாக வாருங்கள்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்றில்லை; தினமும் தாண்டிப் போகிற படி அவர்கள் கண்ணுக்குப் படியாகவே தெரியாது. எனவே அளவைக் கேளுங்கள். வாசலில் எத்தனை படி? ஒவ்வொன்றும் எத்தனை அங்குல உயரம்? கதவு முழுக்கத் திறந்தால் எத்தனை அங்குல இடைவெளி? உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகப் படி இருக்கிறதா? டாய்லெட் தரைத்தளத்திலா, மாடியிலா? வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். உங்கள் பக்கக் கணக்கும் சரியாக இருக்கட்டும். பலருக்குத் தங்கள் வீல்சேரின் சீட் அகலம்தான் தெரியும். ஆனால் கதவில் இடிப்பது சக்கரத்துக்கு வெளியே இருக்கும் கைவளையம். 18 அங்குல சீட் என்றால் வெளிப்புறம் 25, 26 அங்குலம் வந்துவிடும்.

"ராம்ப் இருக்கிறது" என்று சொன்னாலும் அதோடு விட்டுவிடக்கூடாது. தானே தள்ளி ஏற 1:12 சரிவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடி நீளம். சின்னக் கடையில் மடித்து மூலையில் சாத்தி வைத்திருப்பது 3 அடிப் பலகையாக இருந்தால் சரிவு 1:6 ஆகிவிடும். பின்னால் ஒருவர் பலமாகத் தள்ளினால்தான் ஏறும். இறங்கும்போது வீல்சேரைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும். பேட்டரி வீல்சேர் என்றால் ஆளும் வண்டியும் சேர்ந்த எடையைச் சொல்லி, அந்தப் பலகை தாங்குமா என்று கேட்டுவிடுங்கள்.

நம்மூர்ப் பழக்கம் ஒன்று அங்கே செல்லாது. இங்கே கோயில் வாசலோ ஹோட்டல் படியோ, "ஒரு கை கொடுங்க தம்பி" என்றால் நாலு பேர் சேரோடு தூக்கிவிடுவார்கள். அங்கே கடை ஊழியர் சிரித்தபடி மறுத்துவிடுவார். அது மரியாதைக் குறைவு அல்ல. ஆபத்தான தூக்கும் வேலையை ஊழியர்களுக்கு முடிந்தவரை கொடுக்கக்கூடாது என்று 1992ஆம் ஆண்டின் விதி முதலாளிகளைக் கட்டுப்படுத்துகிறது. தூக்க வேண்டிய நிலை வந்தால் ஆள் உங்கள் குடும்பத்திலிருந்துதான் வர வேண்டும். இல்லையென்றால் வேறு கடை.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு விதமாகத் தவறாக நினைக்கிறார்கள். சமத்துவச் சட்டம் 2010 இருப்பதால் எல்லாக் கடையிலும் ராம்ப் இருந்தாக வேண்டும் என்பது ஒன்று. அந்தச் சட்டம் கேட்பது நியாயமான அளவு மாற்றங்களைத்தான். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தின் வாசற்படியை அனுமதியில்லாமல் இடிக்கவும் முடியாது. மற்றொன்று, "பழைய கட்டடம்" என்று கடைக்காரர் சொன்னதும் திரும்பி வந்துவிடுவது. படியில் எடுத்துப் போடும் பலகைக்குக் கட்டடத்தில் கை வைக்க வேண்டியதில்லை. தோட்டத்து மேசைக்கு டீயைக் கொண்டுவந்து தரவும் சொல்லலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடாது.

டாய்லெட் விஷயத்தில் நம்மவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். டீ குடிக்கப் போய் டீயைத் தொடாமல் வருவதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்! கடையில் வசதி இல்லாவிட்டாலும், கிராமத்துக் கார் பார்க்கிங் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கழிப்பறை பல இடங்களில் உண்டு. ஆனால் பூட்டியிருக்கும். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான இப்படிப்பட்ட பூட்டுகளைத் திறக்க ஒரே சாவி இருக்கிறது, ரேடார் சாவி என்பார்கள். 1981இல் தொடங்கிய திட்டம், விலையும் சில பவுண்டுகள்தான். பயணத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். உள்ளே போனதும் அவசரத்துக்கு இழுத்து உதவி கேட்கும் சிவப்புக் கயிற்றைப் பாருங்கள். கீழே விழுந்தவர் கைக்கு எட்டும்படி தரைவரை தொங்க வேண்டும். துடைப்பதற்கு இடைஞ்சல் என்று யாராவது மேலே சுருட்டிக் கட்டியிருப்பார்கள். அவிழ்த்து விடுங்கள்.

பார்க்கிங்கில் ஒரு எச்சரிக்கை. நம்மூர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யூடிஐடியை, அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் பார்க்கிங் அனுமதி அட்டையான புளூ பேட்ஜுக்குப் பதிலாகக் காட்ட முடியாது. வீட்டில் வேறொருவருக்குப் புளூ பேட்ஜ் இருந்தால் அவரும் காரில் வந்தால்தான் அது செல்லும். அவர் இல்லாமல் அப்பாவுக்காக வைத்துவிட்டுப் போனால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

படத்தில் அழகாகத் தெரியும் தெருவைப் பார்த்து மயங்கக்கூடாது. டெவனில் உள்ள க்ளோவெலி கிராமத்தில் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் கூழாங்கல் தெருதான். கார் கிடையாது, சாமான்களையே சறுக்குவண்டியில் இழுத்துப் போகிறார்கள். ரை நகரின் மெர்மெய்ட் தெருவும் அதே கதைதான். காசில் கூம்ப் கிராமத்தில் கார் பார்க்கிங் மேட்டில், ஊர் பள்ளத்தில். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் மாளிகைகளோடு சேர்ந்த டீ ரூம்கள். பழைய குதிரை லாயத்தை மாற்றியிருப்பார்கள், பெரும்பாலும் படி குறைவு. துணைக்கு வருபவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, படி, பாதை விவரமும் இணையத்தில் இடவாரியாகக் கிடைக்கும். கிராமத்து அழகு கொஞ்சம் குறையும், அது உண்மைதான். எங்கே போனாலும் சரளைக்கல் வந்துவிட்டால் முன்சக்கரம் புதையும். வீல்சேரைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்தால் சுலபமாக வரும்.

மேசை முன்பதிவு செய்யும்போது "நடுவில் ஒற்றைக் கால் உள்ள மேசையா?" என்று கேளுங்கள். சிலவற்றில் அந்தக் காலின் அடிப்பாகம் அகலமாக இருந்து ஃபுட்ரெஸ்டில் முட்டும். தோட்டத்தில் பெஞ்சோடு சேர்ந்த மரமேசை என்றால் ஓரத்தில்தான் இடம். கை நடுங்குகிறவர்கள் பெரிய டீபாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாதி நிரப்பிய சின்ன பாட்டும், கனமான கைப்பிடி உள்ள மக்கும் கேட்டால் தருவார்கள். பார்வைக் குறைவு இருந்தால் மூன்றடுக்குத் தட்டில் எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். காது மந்தமானவர்களுக்குச் சமையலறைக் கதவிலிருந்து தள்ளி, சுவரோர மேசை நல்லது.

கடைசியாக, திரும்பி வரும் வண்டி. கிராமப்புறங்களில் வீல்சேர் ஏறும் டாக்சிகள் சொற்பம், அவற்றில் பல காலையிலும் பிற்பகல் 3 மணி வாக்கிலும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடிக்கொண்டிருக்கும். டீ நேரமும் அதுதான். பல கடைகள் 4 அல்லது 5 மணிக்குள் மூடிவிடுகின்றன, திங்கட்கிழமை திறக்காத கடைகளும் உண்டு. ஆகவே வாரநாளில் போவதாக இருந்தால் டாக்சிக்காரரிடம் முதலில் நேரம் கேட்டுவிட்டு, அப்புறம் மேசையைப் பதிவு செய்யுங்கள்.