வீடியோ கேமை அனிமேஷன் குடும்பப் படமாக்குவது: மதுரையில் ஒரு சின்ன அணிக்கான வழிமுறை

பத்து நிமிடப் படம், ஆறு பேர் கொண்ட அணி, கிராபிக்ஸ் கார்டு போட்ட இரண்டு மெஷின், மென்பொருளாக பிளெண்டர். இந்த அளவுக்குத்தான் இந்தக் குறிப்பு. முழுநீளப் படத்துக்கும் அடிப்படை இதேதான், கணக்கு மட்டும் பெருகும்.

முதலில் உரிமம்

'ரசிகர் படம்' என்று தலைப்பில் போட்டுவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது நம்பிக்கை, சட்டம் அல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்குகள் சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கானவை. ஒரு கேமின் பாத்திரத்தை எடுத்துப் புதுக் கதையாகப் படம் பண்ணுவது அதில் அடங்காது. அதனால் பெரிய ஜப்பானிய, அமெரிக்க கேம்களை விட்டுவிட்டு, மின்னஞ்சல் போட்டால் பதில் சொல்லக்கூடிய சின்னக் குழுவின் கேமைப் பாருங்கள். மதுரைக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த கேமாக இருந்தாலும் எழுத்து வேண்டும். டீக்கடையில் கொடுத்த வாய்வார்த்தை செல்லாது. ஒவ்வொரு உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை விட்டால் சட்டமே நிரப்பிக்கொள்ளும், உங்களுக்குப் பாதகமாக. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். யூடியூபில் ஏற்றப்போகிறவருக்கு இது போதாது, 'உலகம் முழுவதும்' என்று எழுதி வாங்குங்கள். மூன்றாவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. அனிமேஷனில் ஓராண்டு சாதாரணமாக ஓடிவிடும். இரண்டு ஆண்டு அவகாசம் கேட்டு எழுதுங்கள். கேமின் இசை பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கும், அதைத் தனியாகக் கேளுங்கள். நீங்கள் புதிதாக உருவாக்கும் பாத்திரம் யாருக்குச் சொந்தம், டிசைனை அனுப்பினால் எத்தனை நாளில் ஒப்புதல் வரும் என்பதையும் சேருங்கள். ஒப்புதலுக்கு நாள் குறிக்காத வேலை மாதக்கணக்கில் தொங்கும்.

கதையைத் தேடாதீர்கள், செயலைத் தேடுங்கள்

கேமின் கதைச்சுருக்கத்தை எடுத்து வசனம் எழுத உட்காருவதுதான் வழக்கமான சொதப்பல். பெரும்பாலான கேம்களில் கதை என்பது ஓடுவதற்கு ஒரு சாக்கு. விளையாடுகிறவர் காதலிப்பது செயலை: தாவுவது, முட்டுவது, சேர்ப்பது, ஒளிவது. அந்தச் செயலைச் செய்வது அவருடைய விரல் என்பதால் ஏன் என்ற கேள்வியே எழுவதில்லை. படத்தில் விரலுக்கு வேலையில்லை. அந்த இடத்தில் பாத்திரத்துக்கு ஒரு தேவை வந்து உட்கார வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு மாதிரி கேம் வைத்துக்கொள்வோம். யானைமலை போன்ற ஒரு பாறையில் ஓர் ஆட்டுக்குட்டி தாவும், முட்டும், மணி சேர்க்கும். நூறு மணி சேர்த்தால் ஓர் உயிர் கூடும். மூன்று மணி நேரம் விளையாடி, விரல் எதை அதிகம் செய்தது என்று தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். முதல் மூன்று செயலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: இதைச் செய்ய இவனுக்கு என்ன அவசியம்? செய்தால் எதை இழப்பான்?

மணியை எடுத்துக்கொள்வோம். படத்தில் ஒரு குட்டி மணி பொறுக்கிக்கொண்டே போனால் இரண்டாவது நிமிடம் அலுத்துவிடும். அந்த மணி ஒவ்வொன்றும் மந்தையில் ஓர் ஆட்டின் கழுத்தில் இருந்தது என்று மாற்றினால் கதை நகர ஆரம்பிக்கும். குட்டி விளையாட்டுக்குக் கழற்றி ஒளித்துவைக்கிறான். இருட்டியதும் மணிச்சத்தம் இல்லாத ஆடுகள் பாறையில் திசை தெரியாமல் பிரிந்துபோகின்றன. இப்போது மணி சேர்ப்பது புள்ளிக்காக அல்ல, திருப்பிக் கொடுப்பதற்காக. செயல் அதேதான், கேமை விளையாடிய பிள்ளைக்கும் குறை இருக்காது.

2009இல் வந்த ஆங்கிரி பேர்ட்ஸ் கேமில் கதை என்று இருந்தது முட்டை திருடிய பன்றியும் கோபக்காரப் பறவையும்தான். 2016இல் வந்த படம் அந்தக் கோபத்தையே பாத்திரத்தின் பிரச்சினையாக்கியது: ரெட் என்ற நாயகப் பறவை கோபத்தை அடக்கப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்படுகிறான். கேம் முழுக்க இருக்கும் கவண், படத்தில் கடைசிப் பகுதியில்தான் முழு வேலைக்கு வருகிறது. ரசிகர் எதிர்பார்க்கும் செயலை முதல் நிமிடத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

உயிர் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. கேமில் விழுந்தால் மறுபடி முயலலாம். படத்தில் அப்படி என்றால் பயமே போய்விடும். அதைப் பயிற்சிக் காட்சியாக்குங்கள்: குட்டி ஒரே இடத்தில் நான்கு விதமாக விழுவது, மொத்தம் 12 விநாடி, வெட்டி வெட்டி. தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் அது. உச்சக்காட்சியில் மட்டும் ஒரே ஒரு தாவல், மறுமுயற்சி கிடையாது.

பத்து நிமிடத்தைத் தொடக்கத்துக்கு ஒன்றரை, நடுவுக்கு ஆறரை, முடிவுக்கு இரண்டு என்று பிரியுங்கள். முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் குட்டி மணியைக் கழற்றியிருக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஓடும் கேமரா கேம் ரசிகருக்கு இனிக்கும், மற்றவர்களுக்கு ஒரு தடவை போதும். 2023இல் வந்த மரியோ அனிமேஷன் படம் 92 நிமிடம். புரூக்ளின் தெருவில் சகோதரர்கள் ஓடும் காட்சியை அப்படியே பக்கவாட்டில் காட்டியது, ஆனால் படம் முழுக்க அதையே பிடித்துத் தொங்கவில்லை. கேமைத் தெரிந்தவருக்கு மட்டும் புரியும் குறிப்புகளைப் பின்னணியில் வையுங்கள். அதற்காக வசனம் நின்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா வாட்ஸ்அப் பார்க்கப் போய்விடுவார்.

அனிமேட்டிக்கும் அப்பத்தாவும்

ஸ்டோரிபோர்டு படங்களை, அதாவது ஷாட் ஷாட்டாக வரைந்த படங்களை, நேரத்தோடு கோர்த்து, அணியில் இருப்பவர்களே பேசிய தற்காலிகக் குரலோடு பத்து நிமிடமும் ஓடும்படி செய்துவிடுங்கள். இதுதான் அனிமேட்டிக். ஷாட் ஒன்று சராசரி 4 முதல் 5 விநாடி என்றால் 120 முதல் 150 ஷாட். இதைக் குறைந்தது இரண்டு பேருக்குச் சேர்த்து உட்காரவைத்துக் காட்டுங்கள்: கேம் விளையாடும் எட்டு வயதுப் பிள்ளை, கேமையே தொடாத அப்பத்தா. நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். கண் விலகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "இவன் எதுக்கு இப்ப ஓடுறான்?" என்று அப்பத்தா கேட்டால் அதற்கு முந்தைய ஷாட்டில் ஏதோ குறைகிறது, அவர் கேட்ட இடத்தைத் திருத்தினால் பலனில்லை. முடிந்ததும் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். அது விட்டுவிட்ட காட்சி தேவையில்லாத காட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டத்தில் ஒரு ஷாட்டை மாற்ற ஒரு சாயங்காலம் போதும், அனிமேட் செய்தபின் ஒரு வாரம் போகும்.

பொம்மை செய்வது

கேமின் மாடலைக் கொடுத்துவிட்டார்கள் என்று அப்படியே பயன்படுத்த முடியாது. திரையில் ஒரு விரல் உயரத்தில் ஓடுவதற்காகச் செய்தது அது; இமை மூடாது, புருவம் அசையாது, வாய்க்குள் ஒன்றும் இருக்காது. நிழலுருவத்தையும் நிறத்தையும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகக் கட்டுங்கள். குட்டையான பாத்திரத்துக்குக் கை தலைக்கு மேல் எட்டாது, குட்டியின் முன்னங்கால் முகத்தைத் தொடாது. கதையில் அழுது கண்ணைத் துடைக்கும் காட்சி இருந்தால் ரிக் (பொம்மையை அசைக்கும் உள் எலும்புக்கூடு) போடுவதற்கு முன்பே இதைச் சோதியுங்கள். அதற்காக உருவத்தை 'இயல்பாக' மாற்றப் போனால் வம்பு. 2019 ஏப்ரலில் வந்த சோனிக் டிரெய்லரில் மனிதப் பல்லோடு வந்த முள்ளெலியைப் பார்த்து ரசிகர்கள் கொதித்ததில், உருவத்தை மறுபடி வரைந்து, படத்தை நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். அவர்களிடம் அதற்குப் பணம் இருந்தது.

அசைவில் ஒரு நுட்பம். கேமில் பட்டனை அமுக்கிய அடுத்த நொடியே தாவ வேண்டும், இல்லாவிட்டால் கை தாமதத்தை உணரும். அதனால் தாவுமுன் பதுங்கும் அசைவு பெரும்பாலும் இருக்காது. படத்தில் அதே தாவலைப் போட்டால் காகிதம் பறந்த மாதிரி எடையில்லாமல் தெரியும். கேமில் விநாடிக்கு 60 பிரேம் (ஒவ்வொரு அசையாப் படமும் ஒரு பிரேம்) வேகத்தில் 36 பிரேம் எடுத்த தாவல், படத்தின் 24 பிரேம் கணக்கில் சுமார் 14. அதற்கு முன் 4 முதல் 6 பிரேம் பதுங்கல், இறங்கியபின் அதே அளவு அமுங்கல் சேருங்கள். தாவலின் நேரம் அதேதான், எடை வந்துவிடும்.

ஓர் அனிமேட்டர் நிதானமாகச் செய்தால் வாரம் 15 விநாடி வைத்துக்கொள்ளுங்கள். 600 விநாடிக்கு 40 வாரம். மூன்று பேருக்கு ஏறக்குறைய 14 வாரம். திருத்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் 18 அல்லது 19. இதைக் குறைத்துச் சொல்லும் அனிமேட்டரை நம்பாதீர்கள்.

குரல்

குரல் பதிவு அனிமேஷனுக்கு முன்னால். மதுரைப் பேச்சு வேண்டும் என்றால் எல்லா வினைக்கும் 'ய்ங்க' ஒட்டுவதல்ல. "அவய்ங்க வாராய்ங்க" என்று பிறரைப் பற்றிப் பன்மையில் சொல்வார்கள். எதிரே நிற்கும் பெரியவரிடம் அப்படிப் பேச மாட்டார்கள். கிழட்டு ஆடு குட்டியிடம் "எங்கிட்டுடா போற? மணியக் கழட்டிட்டா மந்த எப்பிடிடா சேரும்?" என்று கேட்டாலே ஊர் வந்துவிடும். ஒரு வரிக்கு ஓர் ஊர்ச்சொல் போதும்.

வாயசைவில் ம, ப வரும்போது உதடு குறைந்தது 2 பிரேம் மூடியிருக்க வேண்டும். வ-வுக்குக் கீழுதடு பல்லைத் தொட வேண்டும். மற்ற எழுத்துக்கெல்லாம் தனித்தனி வாய் போட்டால் படபடக்கும். ஆங்கிலப் பாட வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் உடலின் அழுத்தத்தை வாக்கியத் தொடக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். தமிழ் வாக்கியத்தின் கனம் பெரும்பாலும் கடைசி வினையிலோ, நடுவில் வரும் 'தான்' என்ற ஒட்டிலோ விழும். ஒலிப்பதிவைக் கேட்டு அந்த அசையின் பிரேமைக் குறித்து, 2 அல்லது 3 பிரேம் முன்னால் அசைவு உச்சத்தைத் தொடும்படி வையுங்கள்.

ஸ்டுடியோ வாடகை கட்டுப்படியாகாவிட்டால் சன்னல் இல்லாத அறையில் நாலு இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் போதும். மின்விசிறி நிறுத்தம், மைக் ஒரு சாண் தூரம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். யாரும் பேசாத அறைச்சத்தம் 30 விநாடி தனியாகப் பதியுங்கள், எடிட்டர் கும்பிடுவார். சித்திரைத் திருவிழா நாட்களிலும் ஆடி மாதத்திலும் பதிவு வைக்காதீர்கள், தெருக்கோடிக் குழாய் ஒலிபெருக்கி மெத்தையைத் தாண்டி வரும்.

பிள்ளைகளின் குரல் வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். நடைமுறையில் முக்கால் மணி நேரத்திலேயே பிள்ளைக்குக் குரல் களைத்துவிடும், அத்தோடு அனுப்பிவிடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் என்றால் எல்லா வசனத்தையும் ஒரே வாரத்தில் முடியுங்கள். மூன்று மாதம் கழித்துத் திருத்தம் பேசக் கூப்பிட்டால் வேறு குரல் வரும்.

ரெண்டரும் மின்வெட்டும்

மாடல், ஒளி, அசைவு எல்லாவற்றையும் கணக்கிட்டு மெஷின் இறுதிப் படமாக்குவதுதான் ரெண்டர். 600 விநாடிக்கு 14,400 பிரேம். பிரேமுக்கு 4 நிமிடம் என்றால் 960 மணி நேரம். இரண்டு மெஷினும் இரவுபகல் ஓடினால் 20 நாள். வீடியோ கோப்பாக ரெண்டர் செய்யவே கூடாது, நடுவில் மின்சாரம் போனால் கோப்பு கெட்டுவிடும். ஒவ்வொரு பிரேமும் தனிப் படமாக வரட்டும். பிளெண்டரில் ஓவர்ரைட்டை (இருக்கும் கோப்பின் மேல் மறுபடி எழுதுவது) அணைத்து, பிளேஸ்ஹோல்டரை (தொடங்கிய பிரேமுக்கு இடம்பிடிக்கும் காலிக் கோப்பு) போட்டால் இரண்டு மெஷினும் ஒரே ஃபோல்டரில் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். மின்சாரம் நடுவில் போனால் பாதியில் நின்ற பிரேமுக்குக் காலிக் கோப்பு கிடக்கும்; முடிந்துவிட்டதாக நினைத்து மெஷின் அதைத் தாண்டிப் போகும். அளவு வாரியாக வரிசைப்படுத்தி, பூஜ்ஜியமாக இருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிரேம் 20 எம்பி என்றால் மொத்தம் 288 ஜிபி, இரண்டு பிரதிக்கு இடம் வையுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள், காலண்டரில் எழுதிவையுங்கள். யுபிஎஸ் என்பது மெஷினை ஒழுங்காக நிறுத்தத்தான், அதை நம்பி ரெண்டர் ஓடாது. சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் கார்டு சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவு ஓட்டுங்கள்.

திரைக்குக் கொண்டுபோவது

தியேட்டரில் பொதுத் திரையிடல் என்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் இணையத்தில், மண்டல அலுவலகம் சென்னையில். 2024 விதிகளின்படி யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பப் படம் யு வாங்க வேண்டும் என்றால் முட்டும் சண்டையில் அடிபட்டவர் எழுந்து நடப்பதைக் காட்டிவிடுங்கள். அனிமேட்டிக் கட்டத்திலேயே இதை யோசித்தால் செலவில்லை.

தியேட்டருக்குப் போகும் பிரதி டிசிபி, அதாவது தியேட்டர் சர்வர் படிக்கும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு. படத்தின் அகல உயர அளவை முதல் நாளே முடிவுசெய்யுங்கள்: ஃபிளாட் (சாதாரண அகலம்) என்றால் 1998க்கு 1080 பிக்சல், ஸ்கோப் (கூடுதல் அகலம்) என்றால் 2048க்கு 858. 1920க்கு 1080இல் ரெண்டர் செய்துவிட்டு ஃபிளாட்டில் போட்டால் இரு ஓரமும் மெல்லிய கறுப்புப் பட்டை நிற்கும். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளே கோப்பைச் செய்து தரும். ஒலிக்கலவை தனியாக வேண்டும். யூடியூபுக்குச் செய்ததைத் தியேட்டரில் போட்டால் காது வலிக்கும். பிரதியை விண்டோஸ் எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் கொண்டுபோனால் பல தியேட்டர் சர்வர்கள் படிக்காது, லினக்ஸ் இஎக்ஸ்டி வடிவில் எழுதுங்கள். காட்சிக்கு முந்தைய நாள் காலைக் காட்சிக்கு முன்பாக அரை மணி நேரம் கேட்டு வாங்கி, முதல் இரண்டு நிமிடமும் மணிச்சத்தம் உச்சத்தில் வரும் இடமும் கடைசிப் பெயர்ப்பட்டியலும் ஓட்டிப் பாருங்கள்.