கருவி விரிக்கும், இறுக்குவது பைப்: பெக்ஸ் இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் குளியலறை டைல்ஸை உடைத்து எடுத்த பைப் இணைப்பு ஒன்றை இன்னும் என் பையில் வைத்திருக்கிறேன். ஆக்சா பிளேடால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. பைப்பின் உட்சுவரில் விரலை வைத்து ஓட்டினால், வரிசையாக ஆறு கோடுகள் தட்டுப்படும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ரிங் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, பிட்டிங் முழுசாக உள்ளே போயிருக்கிறது. ஆனால் அந்த ஆறு கோடுகளும் ஆறு வாய்க்கால். அதன் வழியாகத்தான் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து, அடுத்த அறைச் சுவரில் பூசணம் பூத்தது.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் நம் இராமநாதபுரம் கரையில் நிறைய. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று எந்த ஊரிலும் புது வீட்டுக்கு பெக்ஸ் எனும் பாலிஎத்திலீன் பைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். பைப்பின் வாயை விரிக்கும், பேட்டரியில் ஓடும் எக்ஸ்பான்ஷன் டூலையும் சிலர் வரும்போதே வாங்கி வந்துவிடுகிறார்கள். நல்ல கருவிதான். உப்புக் காற்றில் ஜிஐ பைப் துருப்பிடித்து உதிர்கிற ஊரில் பெக்ஸ் நல்ல தேர்வும்கூட. ஆனால் பசை போட்டு ஒட்டும் சிபிவிசி பைப்பில் பழகிய கை இதில் தப்புப் பண்ணும் இடங்கள் சில இருக்கின்றன. இந்தக் கருவி எதையும் ஒட்டுவதும் இல்லை, இறுக்குவதும் இல்லை. பைப்பின் வாயை விரித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெக்ஸ்-ஏ வகையில் பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், விரித்தாலும் அது பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பைப்பும் மேலே போட்ட ரிங்கும் அப்படிச் சுருங்கும்போது நடுவில் இருக்கும் பிட்டிங்கைக் கவ்விக்கொள்கின்றன. பசை கிடையாது, வாஷர் கிடையாது. ஆகவே அந்தச் சுருக்கத்தைக் கெடுக்கிற எதுவும் கசிவில்தான் முடியும்.

முதல் தவறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. பெக்ஸ் என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே பைப் இல்லை. உள்ளே அலுமினியத் தகடு வைத்த பைப்பை இந்தக் கருவியால் விரிக்கக் கூடாது. சிபிவிசியை விரித்தால் உடையும். பெக்ஸ்-பி பைப்பை அதைச் செய்த நிறுவனம் அனுமதித்தால் மட்டும் விரிக்கலாம். பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் வரியைப் படியுங்கள். விரிப்பு முறைக்கான அமெரிக்கத் தர எண் ஏஎஸ்டிஎம் எஃப்1960. எஃப்2080 என்பது வேறு முறை. அதிலும் பைப்பை விரிப்பார்கள், ஆனால் பிறகு ஒரு உலோக வளையத்தைத் தள்ளி இறுக்குவார்கள். வளைகுடாவில் இரண்டு முறையையும் பார்க்கலாம். ஒன்றின் பிட்டிங்கை இன்னொன்றின் ரிங்கோடு சேர்த்தால் எதுவும் நிற்காது.

அளவிலும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க அளவில் அரை இஞ்ச் பெக்ஸின் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர். மெட்ரிக் அளவில் 16. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சுவரின் கனம் வேறு, அதனால் உள்விட்டமும் வேறு. முக்கால் இஞ்சில் குழப்பம் குறைவு. அது 22.2 மில்லிமீட்டர், மெட்ரிக்கில் வழக்கமாக வரும் 20, 25 இரண்டோடும் அது ஒட்டாது. அரை இஞ்சில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பைப், ரிங், பிட்டிங், கருவியின் ஹெட் (பைப்புக்குள் நுழைந்து விரிக்கும் முனை) நான்கும் ஒரே முறையில், ஒரே அளவில் இருக்கட்டும்.

இப்போது அந்த ஆறு கோடுகளுக்கு வருகிறேன். ஹெட் என்பது பூவிதழ் போல ஆறு துண்டுகள் சேர்ந்தது. உள்ளே ஒரு கோன் முன்னால் வந்து இதழ்களை விரிக்கிறது. விரியும்போது இதழ்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, அந்த இடத்தில் பைப் பிதுங்குகிறது. அடுத்த விரிப்பும் அதே இடத்தில் விழுந்தால் பிதுக்கம் கோடாகப் பதிந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் பேட்டரி டூலில் ஒவ்வொரு விரிப்புக்கும் ஹெட் தானாகக் கொஞ்சம் திரும்புகிறது. கையால் இயக்கும் கருவியில் நாமே ஒவ்வொரு தடவையும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று திருப்ப வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருநாள் கேட்டான்: "மெசினு தானாத் திரும்புதுல்லண்ணே, அப்புறம் எப்படிக் கோடு விழுது?" சரியான கேள்வி. அவசரத்தில் கருவியைப் பைப்புக்குள் அழுத்திப் பிடித்தால் ஹெட் சுருங்கும் நேரத்தில் திரும்ப இடமில்லாமல் போகிறது. இல்லையென்றால் பைப்பை லேசாகப் பிடித்திருப்பார்கள், ஹெட் திரும்பும்போது பைப்பும் கூடவே திரும்பும். இரண்டிலும் சத்தம் சரியாக வரும், விளக்கு எரியும், ஹெட் மட்டும் பைப்புக்குள் அதே இடத்தில் நிற்கும். ஒரு கையால் பைப்பை அசையாமல் பிடியுங்கள். விரிந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் கருவி தானாக உள்ளே நகரும், அந்த அளவுக்கு மட்டும் தள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் ஒரு துண்டுப் பைப்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, ஹெட் அந்தப் புள்ளியை விட்டு நகர்கிறதா என்று பார்த்துவிடுவது என் வழக்கம். அரை நிமிட வேலை.

அடுத்தது, அதிகமாக விரிப்பது. பைப்பின் முனை ஹெட்டின் தோளைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ரெண்டு தடவை போட்டால் பிட்டிங் சுலபமாகப் போகுமே என்று தோன்றும். சுலபமாகப் போகவே கூடாது. பிட்டிங் உள்ளே போகும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். நம் வெயிலில் இந்த ஆபத்து அதிகம். மொட்டை மாடியில் சூடாகிக் கிடந்த பைப் இளகியிருக்கும், குறைந்த விரிப்பிலேயே வாய் அளவுக்கு மேல் விரிந்துவிடும். அதோடு சூட்டில் சுருங்கும் வேகமும் கூடுதல். குளிர் நாட்டில் படமெடுத்த செய்முறை வீடியோவில் அவர்கள் நிதானமாகப் பிட்டிங்கைத் தேடி எடுப்பார்கள். சித்திரை வெயிலில் மண்டபம் ஊரில் அப்படித் தேடினால் பைப் வாயை மூடிவிடும். அதனால் பைப்பையும் ரிங்கையும் நிழலில் வையுங்கள். கடைசி விரிப்புக்கு முன் பிட்டிங் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உள்ளே தள்ளியபின் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், இல்லையென்றால் பைப் பின்னால் வழுக்கும்.

வெட்டுவதும் ரிங் போடுவதும் சின்ன வேலைதான். கட்டரால் நேராக வெட்டுங்கள், ஆக்சா பிளேடு பிசிறு விடும். ரிங்கில் தடுப்பு விளிம்பு இருந்தால் பைப் அதைத் தொடும்வரை தள்ளுங்கள். வேலை முடிந்ததும் ரிங்குக்கும் பிட்டிங்கின் தோளுக்கும் நடுவே 1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிந்தால் அதை விட்டுவைக்காதீர்கள். பிட்டிங்கிலிருந்து இரண்டு இஞ்ச் தள்ளி வெட்டி, புது ரிங் போட்டுச் செய்யுங்கள். ஏற்கெனவே விரிந்த பகுதியை மறுபடி விரிக்கக் கூடாது.

கிரீஸ் விஷயத்தில் எல்லோரும் தாராளமாக இருக்கிறார்கள். கிரீஸ் தேவைப்படுவது கோனுக்கு மட்டும், அதுவும் ஒரு மெல்லிய பூச்சு. இதழ்களின் வெளிப்பக்கமோ பைப்பின் உள்பக்கமோ வழுவழுப்பானால் பிட்டிங் வழுக்கி வெளியே வரும். ஆடி மாதக் கச்சான் காற்றில் கடற்கரை மணல் எங்கும் பறக்கும். கிரீஸில் ஒட்டிய மணல் உப்புத்தாள் போலக் கோனைத் தேய்க்கும், இதழ்களின் விளிம்பைக் கீறும். கீறல் விழுந்த ஹெட், விரிக்கும் பைப்பிலெல்லாம் அதே கீறலைப் பதிக்கும். தினமும் வேலை முடிந்ததும் ஹெட்டைக் கழற்றி, பழைய கிரீஸைத் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் மூடி வையுங்கள். பேட்டரி முனைகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், உப்பு ஈரம் அங்கேதான் முதலில் பச்சை பூக்கும்.

பிட்டிங் எது வாங்குவது? இங்கே பல வீடுகளில் குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர், குளிக்கக் கொள்ள போர் தண்ணீர். போர் தண்ணீர் உவர்ப்பு. குளோரைடு கூடிய தண்ணீர் சாதாரணப் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்துவிடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் பஞ்சுபோன்ற ஒன்று, கையால் ஒடிக்கலாம். உவர்த் தண்ணீர் ஓடும் லைனில் துத்தநாகம் அரிக்காத வகைப் பித்தளை, இல்லாவிட்டால் பிபிஎஸ்யூ எனும் உறுதியான பிளாஸ்டிக் பிட்டிங் போடுங்கள்.

வெயிலும் பெக்ஸுக்கு எதிரி. டேங்கிலிருந்து வெளிச்சுவரில் இறங்கும் லைனை பெக்ஸில் திறந்தவாறு விடாதீர்கள், புற ஊதாக் கதிர் அதை நொறுங்கச் செய்யும். பெக்ஸ் சுவருக்குள்ளே, உறைக்குழாய்க்குள் ஓடட்டும். சோலார் ஹீட்டரோடு நேரடியாகவும் இணைக்காதீர்கள். பெக்ஸின் உச்ச வரம்பு 93 டிகிரி செல்சியஸ், அதுவும் 5.5 பார் அழுத்தத்துக்குள். நம் வெயிலில், ஊருக்குப் போய்ப் பூட்டிக்கிடக்கும் வீட்டின் சோலார் டேங்க் அதைத் தாண்டக்கூடும். வாட்டர் ஹீட்டர் வாயிலிலும் முதல் ஒன்றரை அடி உலோகப் பைப்பாக இருக்கட்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு சோதனையைத் தவிர்ப்பது. டேங்கை நிரப்பி, வால்வைத் திறந்து, ஒரு மணி நேரம் சொட்டவில்லை என்றதும் கொத்தனாரைப் பூசச் சொல்லிவிடுகிறார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் தருவது சுமார் ஒரு பார்தான். மாடியில் உள்ள டேங்கிலிருந்து கீழ்க் குளியலறைக்கு நான்கைந்து மீட்டர் உயரம் என்றால் அரை பார். அந்த அழுத்தத்துக்குக் கோடு விழுந்த இணைப்பும் அடங்கிக் கிடக்கும். ஆறு மாதம் கழித்துப் பிரஷர் பம்ப் வைப்பார்கள், இரண்டு மூன்று பார் ஏறும், அப்போது சுவர் நனையும். நான் பார்த்த பெரியபட்டினம் வீட்டில் நடந்தது இதேதான். வீட்டுக்காரம்மா ஈரச் சுவரைத் தடவிக்கொண்டே, "பம்பு வச்சதுதான் தப்பாப் போச்சா தம்பி?" என்று கேட்டார். பம்பு தப்பில்லை. பூசுவதற்கு முன்னால் யாரும் அழுத்திப் பார்க்கவில்லை.

கடைசி இணைப்பு முடிந்து அரை மணி நேரமாவது விடுங்கள், பைப் முழுசாகச் சுருங்கட்டும். பிறகு எல்லா வாயையும் பிளக் போட்டு அடைத்து, காற்றை வெளியேற்றி, கை பம்பால் பைப் நிறுவனம் சொல்லும் சோதனை அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். முதலில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் கொஞ்சம் இறங்கும். பெக்ஸ் லேசாக விரிவதால் அப்படி, பயப்பட வேண்டாம். மறுபடி ஏற்றி, கேஜைப் படமெடுத்துவிட்டுப் போய், காலையில் வந்து பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். முள் நின்றால், சுவரில் டேப்பை நீட்டி வைத்து, தரையிலிருந்து எத்தனை அடியில் எந்த இணைப்பு இருக்கிறது என்று தெரிகிற மாதிரிப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.