தாக்குதலுக்குப் பிறகு விடுதி வார்டன்கள் செய்யும் தவறுகள் (நான் செய்தது உட்பட)

தில்லியில் ஒரு மகளிர் விடுதியில் பல வருடம் வார்டனாக இருந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவர் போன மாதம் தன் சுற்றறிக்கையைக் காட்டினார். தெருவில் வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த இரண்டு பேரை அடித்துவிட்டதால் அந்த மாநிலங்களின் மாணவிகள் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டுமாம். 2014-இல் நான் சொன்னதேதான். எல்லோருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிடுகிறேன்.

அடிபட்டவருக்கே அறிவுரை

2014 ஜனவரி 29. லாஜ்பத் நகர் கடையொன்றில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில் தகராறு. அடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார்.

அந்த வாரமே வடகிழக்கு மாணவிகளை மட்டும் மெஸ்ஸில் கூட்டினேன். எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள், சேர்ந்தே போங்கள், யாராவது சீண்டினால் பதில் பேசாதீர்கள். ஒரு மிசோ பெண் எழுந்தாள். "மேடம், இந்த மெஸ் வரிசையிலேயே எங்களைச் 'சிங்கி' என்கிறார்கள். அதற்கு நாங்கள் எத்தனை மணிக்கு வர வேண்டும்?" வடகிழக்குக்காரர்களின் முகச்சாயலைக் கேலி செய்யும் வசை அது.

"அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே" என்றேன். இப்போது எழுதும்போதும் என்மேல் எரிச்சல் வருகிறது.

2007-இல் தில்லி போலீஸ் வடகிழக்கிலிருந்து வருபவர்களுக்கென்று ஒரு கையேடு போட்டது. உடையில் கவனம் வேண்டும், மூங்கில் குருத்து, அக்குனி (புளிக்கவைத்த சோயா) மாதிரி வாடை வரும் சமையலால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள், ஏழு வருடம் கழித்து அதே தொனியில் பேசியிருக்கிறேன்.

அப்புறம் ஆறு மாதம் அவர்களில் ஒருத்தியும் என் கதவைத் தட்டவில்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் ஒருத்தியை முடியைப் பிடித்து இழுத்து அறைந்திருக்கிறார்கள். அவள் படிப்பை விட்டு ஊருக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "சொன்னால், அந்த நேரத்தில் ஏன் போனாய் என்று கேட்பார்" என்றாளாம் தோழியிடம். கேட்டிருப்பேன்தான்.

நான் கூட்டியிருக்க வேண்டியது மற்ற மாணவிகளை. இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கச் சட்டப்பிரிவு வேண்டும் என்று, வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு அந்த ஆண்டே பரிந்துரைத்தது. விடுதி விதிகளில் அப்படி ஒரு வரி சேர்க்க நான் நாடாளுமன்றத்துக்கா போக வேண்டும்?

1093-ஐ ஒட்டிவிட்டு ஒதுங்குவது

தில்லி போலீஸின் வடகிழக்கு உதவி எண் அது. ஒட்டுங்கள், சரி. நோட்டீஸ் போர்டு அடிபட்டவளோடு ஸ்டேஷனுக்கு வராது. நீங்கள் போங்கள். அவள் கேட்ட வசைச்சொல் எஃப்.ஐ.ஆரில் அப்படியே ஏறியிருக்கிறதா, இல்லை "வாய்த்தகராறு" ஆகிவிட்டதா என்று படித்துப் பாருங்கள்.

"வடகிழக்குப் பெண்கள்"

எட்டு மாநிலங்கள். பெயரைக் கேளுங்கள்.

அவர்களை இரங்கல் மேடையில் பேசச் சொல்வது

வேண்டாம்.

வருகைப்பதிவு

பயந்துபோன பெற்றோர் ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள். திரும்பி வந்தால் ஹாஜர் குறைவு, தேர்வு எழுத முடியாது என்பார்கள். அவள் கையில் விண்ணப்பத்தைக் கொடுத்து அறை அறையாக அனுப்பாதீர்கள். துறைத் தலைவரிடம் நீங்களே பேசுங்கள், அவள் ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே.