ஒரே மேடை, ஊறுகாய் மூலை: யூத சமூகங்களை இசையால் சேர்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு நிகழ்ச்சி நிரலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தலைப்பு ‘பல ஊர் யூதர்கள், ஒரே இசை’. முதலில் கிளாரினெட்டும் வயலினுமாகக் கிழக்கு ஐரோப்பியக் கல்யாண மெட்டுகள், அரை மணி நேரம். அப்புறம் பியானோவோடு ஒரு பாடகர் குழு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் ஒரு தாலாட்டு. தலைவர் உரை. எல்லோரும் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரத்தில் மொராக்கோக்காரர் ஒருவர், ஏமன்காரர் ஒருவர், ஆளுக்குப் பத்து நிமிஷம். எத்தியோப்பிய மேளத்தை வரவேற்புக்கு என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இதைப் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் மொராக்கோக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் இந்தத் தாளைப் பார்த்த உடனே யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று தெரிந்துகொள்வார். இலையில் ஊறுகாய்க்கு ஒரு ஓரம் கொடுத்துவிட்டு எல்லோரையும் சேர்த்தாயிற்று என்று நினைப்பதுதான் இந்த வேலையில் முதல் தவறு, மற்ற தவறுகளில் முக்கால்வாசி இதிலிருந்து கிளைப்பவை.

பாட்டியின் கோபத்துக்குப் பின்னால் கதை இருக்கிறது. அரபு நாடுகளிலிருந்து இஸ்ரேல் வந்த யூதர்களின் இசையை அங்கே வானொலி ரொம்ப நாள் சீந்தவில்லை. 1970களில் அது டெல் அவிவ் மத்தியப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கேசட்டாக விற்றது, பெயரே ‘கேசட் இசை’ என்று ஆகிவிட்டது. 1987இல் இறந்த சோஹர் அர்கோவ் அந்தக் கேசட்டுகளிலிருந்துதான் பெரிய ஆளானார். இன்றைக்கு அந்த நாட்டுப் பாப் இசையில் இந்த வாடை நிறையவே உண்டு. அதனால் பழைய மனக்கசப்பு தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்தில் ஆட மட்டும் எங்கள் பாட்டு, உட்கார்ந்து கேட்க உங்கள் பாட்டா என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

யூத இசை என்று ஒன்று இருப்பதாக நம்புவது அடுத்த தவறு. யூதப் பாட்டு என்றதும் உலகமே பாடுகிற ‘ஹாவா நகிலா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டு கிழக்கு ஐரோப்பாவின் சாதிகுரா ஊர் ஹசிதியர்கள் என்ற யூத பக்திப் பிரிவினரின் சொற்களில்லாத பாட்டு, முதல் உலகப்போர் சமயத்தில் எருசலேமில் ஏபிரகாம் இதெல்சோன் என்ற ஆய்வாளர் அதை எடுத்து எபிரேயச் சொல் வைத்தார். இதே மனிதர் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஏமன், பாரசீகம், பாக்தாத், மொராக்கோ என்று ஒவ்வொரு ஊர் யூதரும் பாடுவதைப் பதிந்து, 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகள் போட்டிருக்கிறார். உலகம் அந்த ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு பத்துத் தொகுதியை விட்டுவிட்டது.

இப்போது பியானோ விஷயம். இதில்தான் நல்ல இசைக்காரர்களே சறுக்குகிறார்கள். சிரியாவின் அலெப்போ, டமாஸ்கஸ் வழி யூதர்களின் தொழுகைப் பாட்டு மகாம் முறையில் ஓடுவது. மகாம் என்றால் கிட்டத்தட்ட நம் ராகம் மாதிரி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ராஸ்த் என்ற மகாமின் மூன்றாவது சுரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பாடுகிறவர் அந்த இடத்தில் நிற்கிறார், பியானோக்காரர் பக்கத்துக் கட்டையை அழுத்துகிறார், பாடுகிறவர் மரியாதைக்காகக் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறார், அவ்வளவுதான், பாட்டு செத்துவிட்டது. கேட்கிறவர்களில் பாதிப் பேர் கைதட்டுவார்கள், அந்தப் பாட்டோடு வளர்ந்த மீதிப் பேர் நாற்காலியில் நெளிவார்கள். மேலே நாலு குரல் ஹார்மனி வேறு போட்டால் கேட்கவே வேண்டாம். அந்த மரபில் எல்லோரும் ஒரே வரியைத்தான் பாடுவார்கள், ஆளாளுக்கு ஒரு வளைவு நெளிவு இருக்கும், அந்தச் சின்னச் சின்ன முரண்தான் அதன் அழகு.

இதைப் படித்துவிட்டு ‘ஓ, கீழை யூதர்கள் எல்லோரும் கால் சுரம் பாடுவார்கள்’ என்று போய்விடாதீர்கள். பழைய முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து வந்த, மொராக்கோவின் ஆந்தலூசிய மரபில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் கிடையாது. ஏமன்காரர்களோ பழைய எருசலேம் கோயில் இடிந்த துக்கத்துக்காக வாத்தியத்தையே தள்ளிவைத்து, தகர டப்பாவிலும் செம்புத் தட்டிலும் தாளம் போட்டுப் பாடியவர்கள், அவர்கள் பக்கத்தில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவரை உட்கார வைத்து ‘இப்போதுதான் கீழைநாட்டுக் களை வந்தது’ என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

சரியாகச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. இஸ்ரேலின் அஷ்தோத் நகரில் 1994இல் தொடங்கிய ஆந்தலூசிய இசைக்குழுவில் மேற்கத்திய செவ்வியல் படித்தவர்கள், சோவியத் நாடுகளிலிருந்து வந்த வயலின்காரர்கள் உட்பட, உட்கார்ந்து மொராக்கோ மரபைக் கற்றுக்கொண்டார்கள். 2006இல் அந்தக் குழுவுக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. பாட்டை வாத்தியத்துக்கு ஏற்ப வளைக்கவில்லை, வாசிப்பவர் வளைந்து கொடுத்தார். நான் இங்கே சொல்ல வருவது மொத்தமும் இதுதான்: யார் யாருடைய பாட்டைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பாருங்கள், எத்தனை பேர் மேடையில் நிற்கிறார்கள் என்று எண்ணாதீர்கள்.

மெட்லி, அதாவது பல மெட்டுகளைத் துண்டு துண்டாக ஒட்டுவது, போடாதீர்கள். ‘லெகா தோதி’ 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் ஊரில் ஷ்லோமோ அல்காபெட்ஸ் எழுதிய பாட்டு, ஓய்வுநாளான ஷபாத்தை மணமகளாக வரவேற்கிறது, வெள்ளி மாலை எல்லாச் சமூகமும் பாடுகிறது, மெட்டுதான் ஊருக்கு ஊர் வேறு. உடனே ஏற்பாட்டாளருக்கு ஆசை வந்துவிடும்: ஒரு வரி போலந்து மெட்டு, ஒரு வரி பாக்தாத் மெட்டு. எந்த மெட்டும் காலூன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, சானல் மாற்றுகிற மாதிரி. இதில் ஒரு நல்ல வாசல் ஏற்கெனவே இருக்கிறது. பல அஷ்கனாசி (ஐரோப்பிய வழி) ஜெப ஆலயங்களில் இந்தப் பாட்டின் பாதியில் மெட்டை மாற்றுவது பழைய வழக்கம். அந்த இடத்தில், கடைசி நாலு சரணத்தை முழுசாக இன்னொரு சமூகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர்கள் முன்னே பாடட்டும், மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். பாட்டுத் தாளில் அஷ்கனாசி உச்சரிப்பில் ‘ஷாபெஸ்’ என்று அச்சடிப்பதா ‘ஷபாத்’ என்பதா என்று சண்டை வந்தால் எபிரேய எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள், அவரவர் வாய்க்கு வந்தபடி படித்துக்கொள்வார்கள்.

நாள் பார்க்காமல் நாள் குறிப்பது இன்னொன்று. வெள்ளி இரவு கிதாரோடு கூடுகை என்று போட்டால் சீர்திருத்த யூதர்கள் வருவார்கள், ஷபாத்தில் வாத்தியத்தைத் தொடாத ஆர்த்தடாக்ஸ்காரர்கள் வர முடியாது, மைக்கும் அவர்களுக்கு ஆகாது. சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்த பிறகு வையுங்கள். பெசாஹ் பண்டிகைக்கும் ஷவுவோத் பண்டிகைக்கும் நடுவே உள்ள வாரங்களிலும், யூத நாட்காட்டியில் கோயில் இடிந்த துக்க நாளான ஆவ் மாதம் 9ஆம் நாளுக்கு முந்தைய மூன்று வாரங்களிலும் பலர் நேரடிக் கச்சேரிக்குப் போவதில்லை, அதிலும் சமூகத்துக்குச் சமூகம் கணக்கு மாறும். நமக்கு மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை என்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டு மண்டபம் பிடிப்பது நல்லது.

பெண் குரல் பிரச்சினை இதைவிடச் சிக்கல். ஆண்கள் முன் பெண் தனியாகப் பாடக் கூடாது என்ற ‘கோல் இஷா’ கட்டுப்பாட்டைக் கடுமையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சரி, பெண்களை எடுத்துவிடலாம் என்று ஏற்பாட்டாளர் சுலபமாக முடிவு செய்தால் கொச்சி யூதர்களின் மரபே காணாமல் போகும். அவர்களின் மலையாளப் பாட்டுகள் பெண்களுடையவை, கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் இருக்கும்போதே பாடியவை. கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போனவை. 1950களில் குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது நோட்டுகளும் கூடவே போயின. (கொச்சி யூதர்களின் பழைய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, தமிழும் மலையாளமும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி, நாம் முயன்றால் சில சொற்கள் பிடிபடும்.) பெண்களுக்கு மட்டும் ஒரு அமர்வு, எல்லோருக்கும் ஒரு அமர்வு என்று பிரித்து, எது எது என்று அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். வருகிறவர் முடிவு செய்துகொள்வார்.

எத்தியோப்பிய யூதர்களிடம் வேறொரு தப்பு நடக்கிறது. 1991 மே மாதம் ஒன்றரை நாளில் 14,000க்கு மேற்பட்டவர்கள் விமானத்தில் இஸ்ரேல் வந்தார்கள், அந்தக் கதையைச் சொல்லி மேளம் அடிக்கச் சொல்வதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்களுடைய கெஸ் எனும் மதகுருமார் கீஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழியில் பாடும் தொழுகையைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளுக்கு 50 நாள் கழித்து வரும் சிக்து பண்டிகை அன்று எருசலேமில் வண்ணக் குடைகளுக்குக் கீழே அவர்கள் பாடுவார்கள், 2008 முதல் அது அரசு அங்கீகரித்த நாள். உங்கள் மேடைக்கு அவர்களை அழைப்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய், பாடாமல், படம் எடுக்காமல், நின்றுவிட்டு வாருங்கள்.

‘எல்லோருக்கும் தெரிந்த மெட்டு’ என்று கார்ல்பாக் பாட்டுகளை யோசிக்காமல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யூத மதகுருவும் பாட்டு கட்டியவருமான ஷ்லோமோ கார்ல்பாக் 1994இல் இறந்தார், பெண்கள் அவர் மீது சொன்ன பாலியல் புகார்கள் 1998இல் அச்சில் வந்தன, அதன் பிறகு சில ஜெப ஆலயங்கள் அவர் மெட்டுகளை நிறுத்திவைத்திருக்கின்றன, பல இன்னும் பாடுகின்றன. உங்கள் கூட்டத்தில் என்ன நிலைமை என்று முன்னாலேயே கேளுங்கள், மேடையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கடைசியாக, ஒரே நாளில் முடித்துவிடும் ஆசை. இஸ்ரேலில் கூலுலாம் என்ற குழு 2018 ஏப்ரலில் சுமார் 12,000 பேரை ஒரே அரங்கில் பாட வைத்தது. வீடியோவைப் பார்த்தால் எனக்கே புல்லரிக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எல்லோரும் கற்றுக்கொள்வது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டின் புது வடிவம், மறுநாள் யாரும் யார் வீட்டுப் பாட்டையும் தெரிந்துகொண்டிருப்பதில்லை. எருசலேமில் அதெஸ் ஜெப ஆலயத்தில் குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை விடியற்காலை சுமார் 3 மணிக்கு, அலெப்போ வழிக்காரர்கள் வாத்தியம் இல்லாமல் பக்காஷோத் என்ற வேண்டுதல் பாட்டுகளைப் பாடுகிறார்கள். போகிற புது ஆள் முதல் வாரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார், நாலாவது வாரம் வரி முடிகிற இடத்தில் ஒரு சொல் சேர்ந்துவரும், பக்கத்தில் இருக்கும் கிழவர் புத்தகத்தை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளிவைப்பார்.