டிசைனர் என்றால் வீட்டு பிளானும் போடுவாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கொரு சின்னக் கடை. விளம்பரப் பலகை, கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா பேனர், இவைதான் என் வேலை. போன மாதம் தோட்டத்திலிருந்து டவுனுக்குக் குடிவந்த அண்ணன் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். அவருடைய டெரஸ் வீட்டின் (ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) நடுச்சுவரைத் தள்ளி, சமையலறையைப் பின்னால் பத்தடி இழுத்து, பளபளவென்று ஒரு முப்பரிமாணப் படம். யாரோ ஒரு டிசைனர் காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தது.

"தங்கச்சி, நீயும் டிசைனர்தானே? இதைப் பிளானா மாத்திக் கொடு. மஜ்லிஸ்ல கேக்குறாங்க."

நம் ஊரில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். படம் வேறு, பிளான் வேறு. அந்தப் படத்தில் ஓடுகளின் நிறம் இருந்தது, தொங்குவிளக்கு இருந்தது. சுவருக்கு மேலே பீம் ஓடுகிறதா, மாடியின் பாரம் எங்கே இறங்குகிறது, பின்னால் இருக்கும் கால்வாய்க்கு எவ்வளவு இடம் விட வேண்டும், இது எதுவுமே இல்லை. சாலை, வடிகால், கட்டிடச் சட்டம் 1974-இன்படி வீட்டை நீட்டிக் கட்டவும் ஊராட்சி மன்றத்தின், அதாவது அண்ணன் சொன்ன மஜ்லிஸின், அனுமதி வேண்டும். அங்கே படம் எவ்வளவு அழகு என்று யாரும் பார்ப்பதில்லை. கீழே யாருடைய கையெழுத்து என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தக் கையெழுத்தைப் போடக்கூடியவர்கள் சிலர்தான். கட்டிடக் கலைஞரும் பதிவு பெற்ற கட்டிட வரைவாளரும் (நம்மவர்கள் 'பெலுகிஸ் பெலான்' என்று சொல்பவர்) கட்டிடக் கலைஞர் சட்டம் 1967-இன் கீழ் மலேசியக் கட்டிடக் கலைஞர் வாரியத்தில் பதிந்திருப்பார்கள். பொறியாளர்களுக்குத் தனி வாரியம் உண்டு. வரைவாளர் செய்யக்கூடிய கட்டிடத்தின் அளவுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. ஆனால் சமையலறையை நீட்டுவது போன்ற வேலைக்குப் பெரும்பாலும் அவரே போதும். சுவரை இடிப்பதென்றால் பொறியாளர் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். 2007 ஏப்ரல் 12 முதல் புதிய கட்டிடத்துக்கான நிறைவுச் சான்றிதழைத் தருவதே பிளானைச் சமர்ப்பித்த இந்த நிபுணர்கள்தான். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. என்னைப் போன்ற பேனர்காரி பிளான் போட்டால் யார் வந்து பதில் சொல்வது?

'இன்டீரியர் டிசைனர் என்றால் திரைச்சீலை மாட்டுகிறவர்' என்ற நினைப்பும் தவறு. 2007-இல் அதே கட்டிடக் கலைஞர் சட்டத்தைத் திருத்தி உள்அலங்கார வடிவமைப்பாளர்களையும் வாரியத்தின் பதிவுக்குள் கொண்டுவந்தார்கள். பதிவு பெற்றவர்கள் பெயருக்கு முன்னால் 'ஐடிஆர்' என்று போட்டுக்கொள்கிறார்கள். கேபினட் செய்கிற கடையில் உட்கார்ந்து மென்பொருளில் படம் போடுகிற தம்பி கெட்டிக்காரனாக இருக்கலாம். இருந்தாலும் அவன் செய்வது வேறு வேலை. அவனிடம் கேபினட் வாங்குங்கள், தாராளமாக.

என் கூட்டாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டிப்ளோமா முடித்த கையோடு பிசினஸ் கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று அடித்துத் தரச் சொல்லி என்னிடமே வருகிறார்கள். பதிவில்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். நான் அடித்துத் தருவதில்லை. வாடிக்கையாளருக்கும் சரிபார்ப்பது சுலபம்தான், வாரியத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

சரி, என் தொழிலுக்கு வருவோம். கிராஃபிக் டிசைனுக்கு வாரியமும் இல்லை, பதிவு செய்து போட்டுக்கொள்ளும் பட்டப்பெயரும் இல்லை. எல்லை எங்கே என்பதில் உலகத்துக்கே குழப்பம்தான்: 1957-இல் தொழில்துறை வடிவமைப்பாளர்களுக்கென்று தொடங்கிய உலக மன்றமே 2017-இல் 'உலக வடிவமைப்பு அமைப்பு' என்று பொதுவாகப் பெயர் மாற்றிக்கொண்டது. வாரியம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கடைப் பலகை வைக்க ஊராட்சி மன்றத்தின் லைசன்ஸ் வேண்டும், அதில் மலாய் எழுத்து முதன்மையாகத் தெரிய வேண்டும், மொழியை மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்கும். இதைத் தெரியாமல் தமிழை மட்டும் பெரிசாகப் போட்டு, அப்புறம் கழற்றிய பலகைகளை நானே பார்த்திருக்கிறேன்.

லோகோ விஷயத்தில் தடுமாறுவது பெரும்பாலும் டிசைனர்கள்தான். 'நான் வரைந்தது, எனக்குத்தான் சொந்தம்' என்கிறார்கள். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987 சொல்வது நேர்மாறு. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். எனக்கு இது தெரிய வந்தது ஒரு லோகோவை இழந்த பிறகுதான். அதற்கப்புறம் கொட்டேஷன் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'முழுப் பணம் கட்டிய பிறகே உரிமை மாறும்.'