குளத்தைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறீர்களா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

குமரி மாவட்டத்தில் எங்கள் ஊர்க் குளத்தில் ராத்திரியோடு ராத்திரியாக லாரி லாரியாக மண்ணைத் தட்டியபோது முதல் நாள் ஊரே திரண்டு வந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால் சாயாக்கடை பெஞ்சில் நாங்கள் ஆறு பேர். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கோபத்தில் வந்தவர்கள் கோபம் ஆறியதும் ரப்பர் வெட்டவும் கடலுக்கும் போகத்தான் செய்வார்கள். மிச்சமிருக்கும் ஆறு பேர் என்ன செய்ய வேண்டும் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம். அது குளம் என்று தாத்தா சொன்னார், பாட்டி குளித்தாள் என்பதெல்லாம் ஆபீசில் எடுபடாது. எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலும், நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படமும் வாங்குங்கள், சர்வே எண்ணுக்கு நேரே குளம் என்று இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டி தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம், நவம்பர் 1 அன்றும் சபை உண்டு (1956ல் குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்த அதே தேதி). நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம், அங்கே கிராம சபை கிடையாது, கவுன்சிலரைப் பிடிக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஆள். இங்கே ஆள் சேர்ப்பது சுலபம், கத்தோலிக்கப் பங்கில் அன்பியம் என்ற குடும்பக் குழுக்கள் இருக்கின்றன, கோயிலுக்குக் கமிட்டி இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் ஐம்பது பேர் வருவார்கள். ஆபத்தும் அதுதான். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. முதல் இரண்டு கூட்டங்களையும் நாங்கள் வசதி பார்த்து ஒரு தரப்பாருடைய மண்டபத்திலேயே போட்டோம், மூன்றாவதற்குள் "அது அவங்க போராட்டம்லா" என்று பேச்சு வந்துவிட்டது. பிறகு கூட்டத்தைக் குளத்தங்கரைக்கே மாற்றி, அவித்த மரச்சீனியும் கட்டஞ்சாயாவும் வைத்தோம். பெண்கள் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். எந்த மடை அடைத்தால் யார் வயல் காயும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

மனு கொடுத்துக் கேட்பதை மட்டும் செய்துகொண்டிருந்தால் ஆறு மாதத்தில் சலித்துவிடும், கையால் செய்ய ஒரு வேலை வேண்டும். அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் பொதுக்கிணறு வேண்டும் என்று யாரிடமும் மனு கொடுக்கவில்லை, சாமிதோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதியையும் அதிலேயே குளிக்க வைத்தார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆகாயத்தாமரை வாரினோம். தலைவர் பேச்சுக்கு வராத பையன்களெல்லாம் அதற்கு வந்தார்கள்.

கணக்குதான் பெரிய தலைவலி. எங்கள் கூட்டணி உடையப் பார்த்தது போலீசால் இல்லை, மைக் செட் வாடகை 1,800 ரூபாய்க்கு ரசீது காணாமல் போனதால். அன்றைக்கே நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கினோம். வரவு எழுதுவது ஒருத்தர், பணம் வைத்திருப்பது இன்னொருத்தர். சனிக்கிழமை ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட வேண்டும், ஐம்பது பைசா வித்தியாசம் இருந்தாலும் சரி.

இனி யாரும் சொல்லித் தராத ஒன்று. பெரும்பாலான போராட்டங்கள் தோற்று நிற்பதில்லை, பாதி ஜெயித்ததும் நின்றுவிடுகின்றன. இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை உடுத்தும் தோள்சீலை உரிமைக்காக எத்தனையோ வருடம் அடிபட்டு 1859ல் அரசாணை வந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடி பட்டுச் செத்தார்கள், இரண்டு வருடம் கழித்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கிடைத்தன, தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. ஆகவே தொடங்கும்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்: எது கிடைத்தால் பந்தலைப் பிரிப்போம், பிரித்த மறுநாள் என்ன கேட்போம். நாங்கள் எழுதவில்லை. தட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள், பட்டாசு வெடித்தோம், குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் போகும் மறுகால் ஓடையை அடைத்துக் கட்டிய சுவர் அப்படியே நின்றது. அதற்கு ஆள் கூப்பிட்டால் "அதான் ஜெயிச்சாச்சே அண்ணே" என்கிறார்கள்.

இன்னொன்று, ஃபைலை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். 2017ல் ஒக்கி புயல் அடித்த அன்று எங்கள் செயலாளர் வீட்டு ஓடு பறந்து, இரண்டு வருட மனு ரசீதும் நனைந்து கூழாகிவிட்டது. மூன்று நகல் எடுத்து மூன்று தெருவில் வையுங்கள், ஒன்றாவது கான்கிரீட் வீடாக இருக்கட்டும்.